ஓடைக்கரைச் சிரமதானம்: வாசகர் கேள்வி – பதில்

கடந்த இதழில் ஊற்றுகள் வற்றுவதைப் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, ஹட்டனுக்கு அருகே எங்கள் குடியிருப்பை ஒட்டி இறங்கும் சிற்றோடையின் கரையை நாங்கள் சிலர் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடிப் பராமரித்து வருகிறோம் என்று ஒரு வரி குறிப்பிட்டிருந்தேன். அந்த ஒரு வரியைப் பற்றி வந்த கடிதங்களே அதிகம். ஆகவே இம்மாதப் பக்கத்தை முழுமையாக அதற்கே ஒதுக்குகிறேன்.

"என் அக்கா அவுஸ்திரேலியாவில், சிட்னியின் புறநகர் ஒன்றில் வாழ்கிறார். வீட்டருகே உள்ள சிறு காட்டையும் ஓடையையும் மீட்பதற்காக அயலவர்கள் மாதம் ஒருமுறை கூடிக் களை பிடுங்குவார்களாம். நகரசபை கருவிகளையும் பயிற்சி பெற்ற ஒருவரையும் தருமாம். எங்கள் ஊர் ஓடை குப்பையும் புதருமாகக் கிடக்கிறது. இங்கே அப்படி ஒன்றை நடத்த முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?"
— ஒரு வாசகி, டிக்கோயா

முடியும், சகோதரி. ஆனால் அங்கிருந்து எதை எடுத்துக்கொள்வது, எதை விட்டுவிடுவது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம்.

உங்கள் அக்கா செய்யும் வேலைக்கு வழிகாட்டியவர்களும் இரண்டு சகோதரிகளே. ஜோன் பிரட்லி, ஐலீன் பிரட்லி என்னும் அவ்விருவரும் 1960களில், சிட்னித் துறைமுகத்தை ஒட்டிய மொஸ்மன் பகுதியில் தாங்கள் உலாவச் செல்லும் காட்டுத்துண்டில், நடந்தபடியே கைக்கெட்டிய களைகளைப் பிடுங்கி வந்தார்கள். பெரிய அளவில் வெட்டித் துப்புரவாக்கிய இடங்களில் களை முன்னிலும் அடர்த்தியாகத் திரும்புவதையும், தாங்கள் சிறுகச் சிறுகக் கையால் நீக்கிய இடங்களில் அந்த மண்ணுக்குரிய செடிகள் தாமாகவே முளைத்து இடத்தைப் பிடித்துக்கொள்வதையும் கண்டார்கள். அந்த அனுபவத்திலிருந்து மூன்று விதிகள் பிறந்தன. நல்ல நிலையில் உள்ள இடத்தில் தொடங்கிக் கெட்டுப்போன இடத்தை நோக்கி நகர வேண்டும். மண்ணை இயன்றவரை கிளறாமல், கிளறிய இடத்தைச் சருகால் மீண்டும் மூடிவிட வேண்டும். முளைத்து வரும் சுதேசச் செடிகள் எவ்வளவு விரைவாக இடத்தை நிரப்புகின்றனவோ, அவ்வளவு விரைவில் மட்டுமே களையை நீக்கிச் செல்ல வேண்டும்.

இந்த மூன்றாவது விதியை நாங்கள் அறியாமல் முதலாம் ஆண்டில் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். கடைவீதிப் பாலத்தின் கீழே, ஊரில் எல்லார் கண்ணுக்கும் தெரிகிற மிக மோசமான இடத்தில், நாற்பது பேர் ஒரே நாளில் இறங்கி, கரையின் இருபுறமும் இருந்த உண்ணிச்செடிப் புதர்களை வேரோடு தோண்டி, சருகைக் கூட்டி எரித்து, கரையை வெறும் செம்மண்ணாக்கிவிட்டு மகிழ்ச்சியோடு வீடு திரும்பினோம். வைகாசி மழை தொடங்கிய இரண்டாவது வாரத்திலேயே அந்தச் செம்மண்ணில் பாதி ஓடையில் இறங்கிவிட்டது. எஞ்சிய மண்ணில் அடுத்த ஆண்டு உண்ணிச்செடியும் கினிப்புல்லும் தோளுயரத்துக்கு நின்றன. மண்ணுக்குள் பல ஆண்டுகளாகக் கிடக்கும் களை விதைகளுக்கு வெயில் பட்டதும் அதுதான் அழைப்பு. நிழலும் சருகும் இருக்கும்வரை அவை உறங்கும். இரண்டையும் ஒரே நாளில் நீக்கினால் ஒரே நாளில் எழுப்பிவிடுகிறோம்.

ஆகவே முதல் மாதம் எதையும் வெட்டாதீர்கள். மூன்று நான்கு பேராக, ஊற்று தொடங்கும் இடத்திலிருந்து ஓடை பெரிய ஆற்றில் சேரும் இடம் வரை நடந்து பாருங்கள். தேயிலை மலைகளுக்கிடையே இறங்கும் பள்ளங்களில், தேயிலை நடுவதற்கு வசதிப்படாமல் விடப்பட்ட துண்டு நிலங்களில், மரப்பன்னங்களும் காட்டு நாவல் இனங்களும் கல்லில் படர்ந்த பாசியுமாக ஓரிரு இடங்கள் நிச்சயம் எஞ்சியிருக்கும். முப்பதடி நீளமே இருந்தாலும் அதுவே உங்கள் தொடக்க இடம். அதன் ஓரத்தில் நுழைந்துள்ள களையை முதலில் நீக்கி, அதன் எல்லையைப் பத்தடி கீழே நகர்த்துங்கள். அந்தப் பத்தடியில் சுதேச நாற்றுகள் கணுக்கால் உயரம் வந்த பிறகே அடுத்த பத்தடிக்குச் செல்லுங்கள். ஆறு பேர் இரண்டு மணித்தியாலம் வேலை செய்தால் போதும். ஆனால் அதே ஆறு பேர் அடுத்த மாதமும் வரவேண்டும்.

உண்ணிச்செடியை மழை பெய்து மண் இளகியிருக்கும் நாளில் பிடுங்குவது எளிது. வெறும் தண்டை வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மீண்டும் துளிர்க்கும். வேரும் தண்டும் சேரும் முடிச்சோடு எடுக்க வேண்டும், அதற்கு ஓர் அலவாங்கு போதும். செங்குத்தான கரையில் மட்டும் அதையும் செய்யாதீர்கள். அங்கே வேர் மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. தண்டை மாதந்தோறும் வெட்டிப் பலவீனப்படுத்தி, பக்கத்தில் சுதேசச் செடி வேர்பிடித்த பின்னரே வேரை எடுக்கலாம். பிடுங்கியவற்றைக் காயில்லாதவையாகப் பார்த்து அங்கேயே சருகாகப் பரப்புங்கள். எரிக்கும் வழக்கத்தை அடியோடு விட்டுவிட வேண்டும். நமது மலைகளில் வாழும் சிறு மரத்தவளைகளில் பல, நீரில் முட்டையிடுவதில்லை. ஈரமான சருகிலோ இலையிலோ இட்ட முட்டையிலிருந்து வாலற்ற சிறு தவளையாகவே வெளிவருகின்றன. அவற்றில் பெரும்பாலானவை இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாதவை. கூட்டிப் பெருக்கி எரித்த கரையில் அவற்றுக்கு இடமில்லை.

அக்காவிடமிருந்து எடுத்துக்கொள்ளக் கூடாதது ஒன்றும் உண்டு. அங்கே அவர்கள் போற்றி வளர்க்கும் யூக்கலிப்டஸ், வொட்டில், நாம் தேயிலைக்கு நிழலாக வைத்திருக்கும் கிரவீலியா ஆகிய மூன்றும் அவுஸ்திரேலிய மண்ணின் மரங்கள். அங்கே அவை மீட்கப்பட வேண்டியவை. இங்கே அவை நட்டு வளர்த்தவை. வொட்டில் நுவரெலியாப் பக்கத்தில் தானாகவே பரவியும் இருக்கிறது. உண்ணிச்செடியோ வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்து, அவர்களுடைய ஓடைக்கரையையும் நம்முடையதையும் ஒருங்கே பிடித்துக்கொண்டது. அங்கிருந்து முறையை வாங்குவோம். மரப்பெயர்களை நம் பள்ளங்களிலிருந்தே எடுத்துக்கொள்வோம்.

குப்பையைப் பற்றி ஒரு சொல். ஓடையில் கிடக்கும் பொலித்தீனை மாதாமாதம் பொறுக்குவதோடு நின்றுவிட்டால் ஆயுள் முழுவதும் பொறுக்க வேண்டியிருக்கும். மேல்நோக்கி நடந்து, எந்த வளைவில், எந்தப் பாலத்திலிருந்து, எந்தக் கழிவுநீர்க் கானின் வாயிலிருந்து அது ஓடைக்குள் விழுகிறது என்று கண்டுபிடியுங்கள். எங்கள் ஓடையில் அப்படி மூன்று வாய்கள் மட்டுமே இருந்தன. அவற்றில் ஒன்றில் கம்பி வலை கட்டினோம். மற்றொன்றில் அயல்வீட்டாரோடு பேசிக் குப்பைக் குழி வெட்டினோம். மூன்றாவது இன்னும் தீரவில்லை. டிக்கோயாவில் நீங்கள் பொறுக்காமல் விடும் ஒரு போத்தல் காசல்ரி நீர்த்தேக்கத்துக்கும், அங்கிருந்து களனி கங்கை வழியாகக் கொழும்புக்கும் செல்லக்கூடியது. ஹட்டன் மலைமுகட்டின் மறுபக்கம் பெய்யும் மழையோ கொத்மலை ஓயாவில் சேர்ந்து, மகாவலியாகத் திருகோணமலையின் கொட்டியாரக்குடாவில் கடலை அடைகிறது. உங்கள் ஊர் அப்படிப்பட்ட ஒரு தண்ணீர்ப் பிரிவில் அமர்ந்திருக்கிறது. அதனால்தான் அங்கே ஒரு குழு அமைய வேண்டும் என்று நான் மிகவும் விரும்புகிறேன்.

"நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். உலகச் சுற்றாடல் தினத்தன்று, ஜூன் 5ஆம் திகதி, மாணவர்களோடு சேர்ந்து ஓடைக்கரையில் 200 மரக்கன்றுகள் நட்டோம். செப்டெம்பரில் போய்ப் பார்த்தபோது பதினொன்று மட்டுமே உயிரோடு இருந்தன. எங்கே தவறினோம்?"
— ஒரு வாசகர், பண்டாரவளை

ஐயா, தவறு நாட்காட்டியில் இருக்கிறது. ஜூன் 5 உலகத்துக்குப் பொதுவான நாள், மழை அப்படியல்ல. மேற்குச் சரிவில் உள்ள ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட் பகுதிகளுக்கு அது தென்மேற்குப் பருவமழை இறங்கும் காலம். அப்போது நட்ட கன்று தானாகவே வேர்பிடிக்கும். மலையின் மறுபக்கத்தில் உள்ள பண்டாரவளை, பதுளை, வெலிமடை ஆகிய ஊவாப் பகுதிகளுக்கோ அதே பருவக்காற்று, மேற்கில் தன் மழையைக் கொட்டிவிட்டு மலையைத் தாண்டி வறண்ட காற்றாக வந்து சேர்கிறது. ஜூன் முதல் செப்டெம்பர் வரை வீசும் அந்த வறண்ட காற்றுதான் ஊவாத் தேயிலைக்கு உலகப் புகழ்பெற்ற மணத்தைக் கொடுக்கிறது. அதே காற்றுதான் உங்கள் மாணவர்களின் கன்றுகளையும் காயவைத்துவிட்டது. பத்தனைப் புல்வெளிகளுக்குத் தீ வைக்கப்படுவதும் பெரும்பாலும் இந்த மாதங்களில்தான். உங்கள் பக்கத்தில் நடவேண்டிய காலம் ஒக்டோபர் நடுப்பகுதியிலிருந்து நவம்பர் வரை. பின்வரும் வடகீழ்ப் பருவமழை மார்கழி, தை வரை கன்றைத் தாங்கிக்கொள்ளும். ஜூன் 5 அன்று மாணவர்களைக் கொண்டு விதை சேகரிக்கலாம், பைகளில் மண் நிரப்பலாம், களை நீக்கலாம். நடுவதை மட்டும் ஐப்பசிக்குத் தள்ளிவையுங்கள்.

எண்ணிக்கையையும் குறைக்க வேண்டுகிறேன். இருநூறு கன்று நட்டு மறப்பதை விட, இருபது கன்று நட்டு, ஒவ்வொன்றையும் சுற்றி முழங்கை அகலத்துக்குப் புல்லை இரண்டு ஆண்டுகள் நீக்கி வருவது நல்லது. இளங்கன்று சாவதற்குப் பெரும் காரணம் புல்லின் நெருக்கமும் மாட்டின் வாயும். மாட்டுக்கு முள்வேலி தேவையில்லை. வெட்டிய உண்ணிச்செடித் தண்டுகளைக் காய் நீக்கிக் கன்றைச் சுற்றி வளைத்து அடுக்கினால் மாடு நெருங்காது.

எந்த மரம் என்று கேட்டு வேறு மூவர் எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்கும் இதையே பதிலாகக் கொள்ள வேண்டுகிறேன். இலவசமாகக் கிடைக்கும் கன்றுகளில் கும்புக் எனப்படும் மருது அடிக்கடி இருக்கும். அது ஆற்றங்கரை மரமே ஆனாலும் தாழ்நிலத்து ஆறுகளுக்கு உரியது. 4000 அடிக்கு மேலுள்ள ஓடைக்கு அதைக் கொண்டுவராதீர்கள். நுவரெலியாவின் உயரத்தில் கீனா மரம், காட்டுச் செண்பகம், நாவல் இனங்கள், கரையோரத்தில் மரப்பன்னம், அவற்றின் கீழே குறிஞ்சி இனத்தைச் சேர்ந்த நெலு ஆகியவை இயல்பானவை. பொதுவான விதி ஒன்றே: உங்கள் ஓடைக்கு மிக அருகில், அதே உயரத்தில், கெடாமல் இருக்கும் பள்ளத்தில் எது வளர்கிறதோ அதை நடுங்கள். விதையை அந்தக் காணிக்கு உரியவரின் அனுமதியோடு எடுங்கள்; பாதுகாக்கப்பட்ட காட்டுக்குள் சென்று எடுப்பது சட்டப்படி குற்றம். பல இடங்களில் நடவே தேவைப்படாது. கொண்டைக்குருவிகள் பழந்தின்று எச்சமிடும் கிளை ஒன்று மேலே இருந்தால், களை நீங்கிய நிலத்தில் இரண்டாம் ஆண்டிலேயே நாற்றுகள் தெரியத் தொடங்கும்.

"எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் ஓடும் ஓடையை இளைஞர்கள் பத்துப்பேர் துப்புரவாக்க விரும்புகிறோம். தோட்ட நிர்வாகம் 'இது தோட்டத்து நிலம்' என்கிறது. பிரதேச சபையிடம் போனால் 'தோட்டத்துக்குள் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது' என்கிறார்கள். யாரிடம் போவது?"
— ஓர் இளைஞர், நோர்வூட் பகுதித் தோட்டம் ஒன்றிலிருந்து

தம்பி, இந்த இரண்டு பதில்களுக்கும் இடையில் மலையகத்தின் எத்தனையோ பாதைகளும் கான்களும் குப்பைமேடுகளும் தலைமுறைகளாகக் கிடந்திருக்கின்றன. உங்கள் கடிதத்தை வாசித்தபோது எனக்கு ஏற்பட்ட வேதனை சிறிதல்ல.

ஆனால் இரண்டாவது பதில் இன்று செல்லுபடியாகாது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டம், தோட்டப்பகுதிகளில் சபை தன் நிதியைச் செலவிடுவதற்குத் தடையாக இருந்தது உண்மை. அந்தச் சட்டம் 2018இல் திருத்தப்பட்டு, தோட்டக் குடியிருப்புகளுக்கும் சேவை வழங்கச் சபைகளுக்கு வழி திறக்கப்பட்டது. ஆகவே சபைத் தவிசாளருக்கு எழுத்தில் ஒரு கடிதம் கொடுங்கள். அந்தத் திருத்தத்தைக் குறிப்பிடுங்கள். குப்பை அகற்ற ஓர் உழவு இயந்திரமும் மாதத்தில் ஒரு நாளும் மட்டும் கேளுங்கள். பெரிதாகக் கேட்டால் 'பார்ப்போம்' என்பார்கள். சிறிதாக, திகதியிட்டுக் கேட்டால் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லியாக வேண்டும். அதன் பிரதியைக் கிராம உத்தியோகத்தருக்கும் பிரதேச செயலகத்துக்கும் கொடுத்து, கிடைத்ததற்கான முத்திரையை உங்கள் பிரதியில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நிர்வாகத்தைப் பொறுத்தவரை, 1992 முதல் கம்பனிகள் பெருந்தோட்டங்களைக் குத்தகையில் நிர்வகிக்கின்றன. ஓடையும் அதன் ஒதுக்குக் கரையும் எதுவரை என்பதை நில அளவைப் படமே சொல்லும். அந்த வாதத்தைக் கரையில் நின்று தொடங்க வேண்டாம். நிர்வாகத்துக்கும் ஓடைக்கரை வலுவாக இருப்பதில் நன்மை உண்டு: கரை சரிந்தால் தேயிலை நிரையும் சேர்ந்தே சரியும். 1951ஆம் ஆண்டின் மண் பாதுகாப்புச் சட்டம் என்ற ஒன்று இருக்கிறது என்பதை முகாமையாளர் அறிவார். எந்த நாள், எத்தனை பேர், எந்தக் கருவி, எந்த இடம் என்பதையும், தேயிலைச் செடியையும் மரத்தையும் தொடமாட்டோம் என்ற உறுதியையும் ஒரு தாளில் எழுதி, வெளிக்கள உத்தியோகத்தர் ஒருவரையும் உடன் வரச் சொல்லி அழையுங்கள். வாய்மொழி அனுமதியை நம்பி இறங்காதீர்கள். எங்கள் குழு ஒருமுறை அப்படி இறங்கியது. மூன்று ஆண்டுகள் வளர்த்த கரையைப் பற்றி எழுத்தில் எதுவும் இல்லாததால், ஓர் அலுவலகம் 'ஓடையைச் சுத்தம் செய்கிறோம்' என்று இயந்திரத்தை இறக்கி, மார்பளவு உயர்ந்த மரங்களையும் சேர்த்து ஒரு காலைப்பொழுதில் வழித்துச் சென்றது. அவர்கள் தீங்கு நினைத்துச் செய்யவில்லை. அங்கே ஒரு வேலை நடக்கிறது என்பதே அவர்களுக்குத் தெரியாது. அன்றிலிருந்து ஆண்டுக்கொரு முறை வரைபடத்தோடு கடிதம் கொடுத்து வருகிறோம்.

ஒரு வேலையை மட்டும் கையில் எடுக்காதீர்கள். மலைச்சரிவில் புதிய வெடிப்பு, திடீரென்று தோன்றிய ஊற்று, சாய்ந்த மரங்கள், மழையில்லாமலே கலங்கி வரும் நீர் ஆகியவற்றைக் கண்டால் அது சிரமதானத்துக்குரிய இடமல்ல. உடனே விலகி, கிராம உத்தியோகத்தர் வழியாக இடர் முகாமைத்துவ நிலையத்துக்கும் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் அறிவியுங்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தையில் மண்சரிவில் லயங்கள் புதைந்ததை நாம் யாரும் மறக்கவில்லை. செடிகளின் வேர் மேல்மண்ணைப் பிடிக்கும். ஆழத்தில் நகரும் மலையைப் பிடிக்காது. கன்று நட்டுவிட்டோம், இனிப் பயமில்லை என்று எந்தக் குடும்பத்துக்கும் சொல்லிவிடாதீர்கள்.

"ஓடைக்கரையில் காடு வளர்ந்தால் சிறுத்தை வந்து தங்காதா? கொழுந்து பறிக்கப் போகும் எங்களுக்கு அதுதானே ஆபத்து?"
— ஒரு தோட்டத் தொழிலாளி, பொகவந்தலாவை

அம்மா, விடியற்காலையில் அந்த நிரைகளுக்குள் இறங்குகிறவர் நீங்கள். உங்கள் அச்சத்தைச் சிறிதாக எண்ணி எழுத மாட்டேன்.

சிறுத்தை ஏற்கனவே அங்கே இருக்கிறது. உண்ணிச்செடிப் புதரிலும் அது தங்கும், காட்டிலும் தங்கும், தேயிலைக்குள்ளும் நடக்கும். நாங்கள் நீக்குவது நெருக்கமான புதரை. வளர்ப்பது மேலே நிழலும் கீழே பார்வை செல்லும் இடைவெளியும் கொண்ட கரையை. அதைக் கடந்து செல்வது புதரைக் கடப்பதை விடப் பாதுகாப்பானது. லயத்தை நோக்கிச் சிறுத்தையை இழுப்பது பெரும்பாலும் நாய்கள். நாய்களை இழுப்பது குப்பைமேடு. குப்பையைக் கட்டுப்படுத்துவது இந்த வழியிலும் உங்களுக்கு உதவும். ஒரே நாளில் புதர் முழுவதையும் வெட்டி விலங்கை வெருட்டுவதுதான் ஆபத்து. வெயில் ஏறிய பிறகு கூட்டமாக, பேசிக்கொண்டு போய், பொழுது சாயுமுன் திரும்பிவிடுகிறோம்.

இன்னொன்றையும் கேளுங்கள். புதருக்குள் வேலை செய்யும்போது காட்டுப்பன்றிக்காக வைத்த கம்பிச் சுருக்குகள் எங்களுக்கு அகப்பட்டிருக்கின்றன. 2020 மே மாதத்தில் நல்லதண்ணிப் பகுதியில் அரிதான கருஞ்சிறுத்தை ஒன்று அத்தகைய சுருக்கில் சிக்கி, சில நாட்களில் இறந்தது. சுருக்கில் காயப்பட்டு நிற்கும் சிறுத்தையைப் போல மனிதருக்கு ஆபத்தானது வேறில்லை. சுருக்கைக் கண்டால் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவிக்கச் செய்யுங்கள். விலங்கு சிக்கியிருந்தால் யாரும் நெருங்க வேண்டாம்.

"எங்கள் ஓடையின் இரு கரையிலும் யூக்கலிப்டஸ் நிற்கிறது. எல்லாவற்றையும் வெட்டிவிடலாமா?"
— ஒரு வாசகர், நானுஓயா

வேண்டாம். பெரிய மரத்தை வெட்டுவது அனுமதியும் தேர்ச்சியும் தேவைப்படும் வேலை; தொண்டர்களுக்குரியதல்ல. கரையில் நிற்கும் பழைய மரங்களை ஒரே நேரத்தில் வீழ்த்தினால் கரையும் வீழும். அவற்றின் நிழலிலேயே சுதேச மரங்களை வளர்க்கலாம். சிங்கராஜக் காட்டின் ஓரத்தில் உள்ள பைன் தோட்டங்களில் பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள்: பைன் நிரைகளில் சிலவற்றை மட்டும் நீக்கி ஒளி விழச் செய்து, இடையில் காட்டு மரக்கன்றுகளை நட்டபோது அவை நன்றாக உயர்ந்தன. உங்களிடம் ஏற்கனவே விழுந்த மரம், காய்ந்த கிளை இருக்கும் இடங்கள் உண்டல்லவா? ஒளி விழும் அந்த இடைவெளிகளில் தொடங்குங்கள்.

"என் பிள்ளைகள் இருவரும் பாடசாலைச் சுற்றாடல் முன்னோடிக் குழுவில் இருக்கிறார்கள், ஓடைக்கு வர ஆசைப்படுகிறார்கள். எலிக்காய்ச்சல், குளவி என்று எனக்குப் பயமாக இருக்கிறது. அவர்கள் செய்யக்கூடிய வேலை ஏதும் உண்டா?"
— ஒரு தாய், தலவாக்கலை

பயப்பட வேண்டியவற்றைத்தான் குறிப்பிட்டிருக்கிறீர்கள். எலியின் சிறுநீர் கலந்த நீரும் சேறும் சிறு காயத்தின் வழியாக உடலுக்குள் போவதால் எலிக்காய்ச்சல் வருகிறது. குப்பை தேங்கிய, நகருக்குக் கீழேயுள்ள பகுதியில் பிள்ளைகளை இறக்கவே கூடாது. பெரியவர்களும் பூட்ஸ் சப்பாத்தும் கையுறையும் இல்லாமல் இறங்கக் கூடாது. காயம் இருந்தால் அன்று கரையில் நிற்கட்டும். தடுப்பு மாத்திரை தேவையா என்பதை வேலைக்கு முன்பே சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேளுங்கள். அடுத்துவரும் வாரங்களில் காய்ச்சல் கண்டால், 'ஓடையில் வேலை செய்தேன்' என்ற ஒரு வரியை வைத்தியரிடம் முதலில் சொல்லுங்கள். அந்த ஒரு வரி உயிர் காக்கும். குளவியைப் பொறுத்தவரை, வேலை தொடங்குமுன் ஒருவர் தனியாக நடந்து மரக்கிளைகளையும் பாறை இடுக்குகளையும் அண்ணாந்து பார்த்துவர வேண்டும். கூடு இருந்தால் அன்று அந்த இடத்தில் வேலை இல்லை. புல்வெட்டும் இயந்திரம், புகை இரண்டும் அதற்கு அருகே கூடாது. களைகொல்லியைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: நீரோரத்தில் எந்தக் களைகொல்லியும் அடிக்காதீர்கள், தவளைக்குஞ்சுகளுக்கு அது எமன்.

பிள்ளைகளுக்குரிய வேலை ஓடையின் மேற்பகுதியில், தெளிந்து ஆழமின்றி ஓடும் இடத்தில் இருக்கிறது. கல்லை மெதுவாகப் புரட்டி, அடியில் ஒட்டியிருக்கும் உயிர்களைப் பார்த்து எண்ணி, கல்லை இருந்தபடியே திருப்பி வைக்கச் சொல்லுங்கள். மூன்று வால் நீட்டிய தட்டையான பூச்சிக்குஞ்சுகளும், மணலை ஒட்டித் தனக்குக் கூடு கட்டிக்கொள்ளும் புழுக்களும் இருந்தால் நீரில் உயிர்வளி போதுமானது. சேற்றில் சிவப்புப் புழுக்கள் மட்டும் நெளிந்தால் நீர் கெட்டிருக்கிறது. நன்னீர் நண்டைக் கண்டால் பிடிக்காமல் குறித்துக்கொள்ளட்டும். நம் தீவின் ஐம்பதுக்கு மேற்பட்ட நன்னீர் நண்டினங்களில் ஏறத்தாழ எல்லாமே இங்கு மட்டும் வாழ்பவை. ஒரே பத்துக் கற்களை, ஒவ்வொரு மாதமும் ஒரே கிழமையில் பார்த்து ஒரு கொப்பியில் எழுதி வந்தால், இரண்டு ஆண்டுகளில் எங்கள் உழைப்பு பலித்ததா இல்லையா என்பதை எங்களை விட உறுதியாகச் சொல்லக்கூடியவர்கள் அந்தப் பிள்ளைகளாகவே இருப்பார்கள். எங்கள் ஓடையில் நான்காம் ஆண்டு மணற்கூட்டுப் புழு தென்பட்டதை ஒரு பத்து வயதுச் சிறுமியே முதலில் எழுதிவைத்தாள். அந்தக் கொப்பி இன்றும் என்னிடம் இருக்கிறது.

"எனக்கு 74 வயது. முழங்கால் வலியால் கரையில் இறங்க முடியாது. என்னைப் போன்றவர்களால் என்ன பயன்?"
— ஒரு பெரியவர், அப்புத்தளை

ஐயா, உங்களிடம் இருப்பது எங்கள் யாரிடமும் இல்லை. ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முன் உங்கள் ஊரில் எத்தனை ஊற்றுநீர்ப் பீலிகள் ஓடின, அவற்றின் பெயர் என்ன, எந்தப் பீலி பங்குனியிலும் வற்றாமல் இருந்தது, எந்தப் பள்ளத்தில் எந்த மரம் நின்றது, அதை எப்போது வெட்டினார்கள், எந்த ஆண்டு மழையில் எந்தக் கரை சரிந்தது என்பவற்றை எழுதிவையுங்கள். எழுத முடியாவிட்டால் பேரப்பிள்ளையிடம் சொல்லி எழுதச் செய்யுங்கள். வற்றிய பீலிக்கு மேலேயுள்ள பள்ளத்திலிருந்து தொடங்குவதா, வேறிடத்தில் தொடங்குவதா என்பதை ஒரு புதிய குழு அந்தத் தாளைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். எங்கள் ஓடையின் தலைப்பில் ஓர் ஊற்று இருந்தது என்பதே ஒரு முதியவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அவர் கைகாட்டிய இடத்தில் புதரை விலக்கியபோது, கருங்கல்லில் செதுக்கிய பழைய பீலி ஒன்று மண்ணுக்குள் சாய்ந்து கிடந்தது. இப்போது ஐப்பசி முதல் மாசி வரை அதில் விரற்கடை அளவு தண்ணீர் வருகிறது. நீங்கள் எழுதியதும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள்; அப்புத்தளையிலிருந்து கடிதம் எழுதிய மற்ற இருவரிடமும் அதை நானே சேர்ப்பிக்கிறேன்.